ராத்தாவின் கழுத்தில் வந்த தடிப்பு

சுபைறா தன் ராத்தாவைக் கண்டால் முகத்தைப் பார்ப்பதில்லை; முதலில் கழுத்தைத்தான் பார்ப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. உம்மாவின் வெள்ளை நிறம் முழுவதையும் மூத்தவள் றாஹிலா வாரிக்கொண்டு பிறந்துவிட்டாள். இளையவளுக்கு வாப்பாவின் கறுப்பு.

சீதனமும் அப்படியே அமைந்தது. ராத்தாவுக்குக் கல்முனை நடு ஊரில் கல்வீடு, தங்கச்சிக்குக் கடற்கரையோர வீடு. சுனாமி அந்த வீட்டோடு சுபைறாவின் புருஷன் அப்துல் கபூரையும் கொண்டுபோனது. அன்றிலிருந்து ராத்தா வீட்டுப் பின்னறையில் ஒதுங்கி, குசினியில் சமையலைப் பார்த்துக்கொண்டாள்.

ராத்தாவின் மார்பில் கட்டி கண்டு வெட்டி எடுத்தபோது ஊரே திரண்டு வந்தது. பழமும் பிஸ்கட்டும் மேசை கொள்ளவில்லை. சுபைறாவை அப்படி ஒருவரும் வந்து பார்த்ததில்லை. சுனாமியில் எல்லா வீட்டிலும் மௌத்து. யார் யாரைப் பார்க்க வருவது? 'நோய் வந்தாலும் இவளுக்கு ராசாத்தி மாதிரி வருகுது' என்று தேத்தண்ணீர் ஊற்றும்போதே அவள் மனம் புழுங்கியது.

2009 மே மாதம் கிளினிக்கில் ஒரு குளிசை கொடுத்தார்கள். பெண்ணுடம்பில் ஊறும் ஹோர்மோனைத் தடுத்து, நோய் திரும்பாமல் காப்பது. திடீரென்று சூடேறும், வேர்க்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தடிப்பைப் பற்றிச் சொன்னதாக றாஹிலாவுக்கு நினைவில்லை.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. ராத்தா தலைமுடியை உலர்த்தும்போது இடது காதுக்குக் கீழே கொத்தமல்லியளவு ஒரு சிவப்பு. சுபைறா கண்டாள். வெயிலில் வந்தவளுக்கு மோர் கிடைத்த மாதிரி இருந்தது. வாய் திறக்கவில்லை.

சிவப்பு கழுத்தெல்லாம் படர்ந்து முழங்கை மடிப்புக்கும் முதுகுக்கும் போனது. வடக்கில் சண்டை முடிந்ததென்று திங்கட்கிழமை ரேடியோ சொல்லி, தெருவில் வெடி கொளுத்தியபோது, ராத்தா அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சிபானா வந்து பார்த்தாள். "இது கிரந்திகா, சூட்டுச் சொறி. கீரிமீன ஆக்கிப் போட்டா வேறென்ன வரும்? உங்கட தங்கச்சிட மீனாணத்த முதல்ல நிப்பாட்டுங்க."

அன்றிலிருந்து ராத்தாவுக்குச் சோறு சிபானா வீட்டிலிருந்து வந்தது. குளிசை மட்டும் தவறாமல் உள்ளே போயிற்று. ஒரு காலையில் ராத்தாவின் கண்ணிமை இரண்டும் வீங்கிக் கிடந்தன. சுபைறா கிட்டப் போய்ப் பார்த்தாள். குளிசை தொடங்கியபின் தடிப்பு வந்த நாளைச் சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் ராத்தா மிஞ்சமாட்டாள்.

"கிளினிக் நாள் வரைக்கும் இரிக்கேலா. இண்டைக்கே போவம், நானும் வாறன்" என்றாள்.

"எப்ப தொடங்கினது?" என்று டொக்டர் கேட்டார்.

"சரியாத் தெரியா. மீன் திண்டதால..." என்று றாஹிலா இழுத்தாள்.

"குளிசைக்கு முந்தியா, பிந்தியா? அது தெரிய வேணும்."

"குளிசை தொடங்கிப் பதினோராம் நாள்" என்றாள் சுபைறா, தரையைப் பார்த்தபடி. "வெள்ளிக்கிழம, இடது காதுக்குக் கீழ. அடுத்த நாள் கழுத்து. ஞாயிறு முழங்கை. அந்தக் கிழம நான் கீரிமீன் ஆக்கவே இல்ல."

டொக்டர் நிமிர்ந்தார். "எழுதி வச்சிருக்கிறீங்களா?"

"இல்ல. பாத்துக்கொண்டு இரிப்பன்."

"குளிசைதான் ஒத்துக்கொள்ளேல்ல போல. இதை இப்பவே நிப்பாட்டுவம். தோல் ஆறினதும் வேற ஒண்டு தாறம், அதை நீங்களா விட்டிரக்கூடாது. முகம் வீங்கினா, மூச்சு முட்டினா உடனே ஓடி வரவேணும்."

பஸ்ஸில் றாஹிலா மெல்லக் கேட்டாள். "அப்ப முதல் நாளே கண்டிரிக்காய்."

"ஓம் ராத்தா."

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"எனக்குச் சந்தோசமா இருந்திச்சி."

றாஹிலா முக்காட்டைக் கழுத்துக்கு இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள். "உன்ட கண்ணூறெண்டுதான் நானும் நினைச்சன்கா. அதச் சொல்ல வெக்கம். சிபானாட மீன் கதை வசதியாப் போச்சி."

"நானும் என்ட கண்ணூறெண்டுதான் பயந்தன்."

றாஹிலாவுக்குச் சிரிப்பு வந்தது. வெடித்திருந்த உதடு எரிய, பொத்திக்கொண்டாள்.

இப்போது றாஹிலா வேறு குளிசை குடிக்கிறாள். தடிப்பு இல்லை, ஆனால் அந்தக் குளிசையால் காலையில் விரல் மூட்டுகளை மடக்க முடிவதில்லை. சோறு சுபைறாதான் ஆக்குகிறாள். சுனாமியில் போன வீட்டுக்குப் பதிலாக அவளுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. பொறாமையும் தீரவில்லை. கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள்.