ப்ரொப்பல்லரில் சிக்கிய பாடு

1. போன சனிக்கிழமை காலை, நானும் தோழி ரேவதியும் பழவேற்காடு ஏரியில் எங்கள் பாய்ப்படகை எடுத்தோம்.

2. இன்ஜினை நிறுத்தினோம். ப்ரொப்பல்லரை அதன்போக்கில் சுற்றவிட்டு, பாயில் மட்டும் ஓட்டினோம்.

3. வேகம் சட்டென்று குறைந்தது. ‘ப்ரொப்பல்லரின் இழுவை மிக அதிகம்’ என்று குறித்துக்கொண்டேன். “சூப்பர் ரீடிங்டி!” என்றாள் ரேவதி.

4. இழுத்தது ப்ரொப்பல்லர் இல்லை. ஒரு குடும்பத்தின் வலை.

என் வேலை பம்ப் டிசைன். தண்ணீரில் எது சுற்றினாலும் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ரேவதியும் நானும் சேர்ந்து வாங்கிய பழைய படகு அது. பாயில் போகும்போது அதன் ப்ரொப்பல்லர் பிரேக் மாதிரி பிடித்து இழுக்கிறது. மாற்றுவது என்று முடிவு. எதற்கு மாற்றுவது?

மொட்டு மாதிரி இலைகள் மூடிக்கொள்ளும் மடக்கு வகை ஒன்று. ஃபெதரிங் வகை இன்னொன்று. மீஞ்சூரில் நெரிசலான மின்சார ரயிலில் ஏறுகிறவர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைவார், இல்லையா? அந்தத் தந்திரம்தான். பாயில் ஓடும்போது இலைகள் தண்ணீர் ஓடும் திசைக்கு இணையாகத் திரும்பி, மெலிந்து நிற்கும். ரிவர்ஸிலும் நல்ல பலம் கிடைக்கும். படகு அடிக்கடி சேற்றில் தட்டி நிற்கிற ஏரியில் அது முக்கியம்.

எவ்வளவு வேகம் மிச்சமாகும் என்று தெரிந்துகொள்ளத்தான் அன்றைய சோதனை. அனுமதி எல்லாம் வாங்கியிருந்தோம். கேட்க வேண்டியவர்களைத்தான் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்பதுகூடப் பொய். அவர்களே சொன்னார்கள்.

அன்று காலை கிளம்பும்போது, டச்சுக் கல்லறை தாண்டி, கரையில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தோம். பக்கத்துப் படகில் கணவரோடு வலை ஏற்றிக்கொண்டிருந்த தேசம்மா எங்களைப் பார்த்தார்.

“இன்னிக்கு எங்க பாடும்மா” என்றார்.

நான் பெருமூச்சு விட்டேன். “எல்லார் பாடும் அப்படித்தாங்கா. எங்க ஆபீசுல வந்து பாருங்க…”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். களைப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த ஏரியில் பாடு என்றால் முறை. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில், எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் நாள் வந்தால் அந்த இடம் உங்களுடையது. போனால், சுற்று முடிந்து திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் வழிவிடச் சொன்னார். நான் ஆறுதல் சொன்னேன்.

வலை சிக்கியதும், மார்பளவுத் தண்ணீரில் தேசம்மாவின் கணவர் இறங்கினார். எங்கள் ப்ரொப்பல்லரை விடுவிக்கத் தன் வலையைத் தானே கத்தியால் அறுத்தார். உள்ளே இருந்த இறால் கலைந்து போனது.

வேடிக்கை பார்த்த படகில் ஒருவர் சிரித்தார். “மேடத்து ஃபேனு நல்லா வலை பின்னுதுபா!”

தேசம்மா சிரிக்கவில்லை. “இன்னாமா இது? காலைலயே சொன்னேன்ல, எங்க பாடுனு?”

“நீங்க… கஷ்டத்தச் சொல்றீங்கனு நெனச்சேங்கா.”

“காலைல எனக்கு இன்னா கஷ்டம்? இப்பத்தான் கஷ்டம்.”

புது வலை வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

“வலைய வாங்கித் தருவ. இந்த நாள யாராண்ட வாங்குவ? நாளைக்கு வேற ஆளு பாடு.”

“ஊர்ல பேசி, அந்த நாள உங்களுக்கு…”

“அவங்க வூட்டு அடுப்ப அணைச்சு எங்க வூட்ல பத்த வெக்கப் போறியா? கம்முனு இரும்மா!”

ப்ரொப்பல்லரில் மிச்சமிருந்த நூலைப் பிரிக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய?

பாடு என்ற சொல் எனக்குத் தெரியாததில்லை. அதுதான் பிரச்சினை. தெரியாத சொல்லாக இருந்தால் ‘என்ன?’ என்று கேட்டிருப்பேன். அந்நிய பாஷை பேசும் ஊரில் நாம் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறோம் என்று தோன்றுகிறது. நம் பாஷையில் பாதி கேட்டதும் மீதியை நாமே நிரப்பிவிடுகிறோம். நானோ ஆபீஸ் புலம்பலையும் சேர்த்து நிரப்பினேன்.

ஃபெதரிங் ப்ரொப்பல்லர் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேனா என்று ரேவதி கேட்டாள். சுற்றாமல் நிற்கும், அதனால் இவ்வளவு மோசமாகச் சுருட்டியிருக்காது. ஆனால் வலை கட்டிய இடத்துக்குள் படகைக் கொண்டுபோனவள் நான். அதற்கு எந்தக் கம்பெனியும் பாகம் தயாரிப்பதில்லை.

இப்போதைய நிலவரம் இது. ஃபெதரிங் வகைதான் என்று முடிவு செய்துவிட்டோம், இன்னும் ஆர்டர் செய்யவில்லை. படகு கரையில் இருக்கிறது. புது வலையைத் தேசம்மாவின் கணவர் வாங்கிக்கொண்டார். தேசம்மா என்னோடு பேசுவதில்லை. அவர்கள் பாடு இன்னும் வரவில்லை.