ரோஜா எண்ணும் மூச்சு

காலையில் நிம்மதியாக ஒரு வாய் டீ குடிக்க முடிகிறதா ரோஜாவால்? திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் கடலை பொறுக்கும் வேலைக்கு அவள் கிளம்புகிற அவசரத்தில்தான் தம்பி சவுரிராயன் பாயில் சம்மணமிட்டுக் காத்திருப்பான். இவள் சத்தமாக எண்ண வேண்டும். நாலு எண்ணும்வரை மூச்சை இழுப்பான், ஆறு எண்ணும்வரை விடுவான். அடுப்பில் சோறு குழைந்தாலும் எண்ணியாக வேண்டும்.

சவுரிக்கு மனச்சிதைவு நோய். ஆளில்லாத இடத்திலும் அவன் காதுக்குள் யாராரோ பேசுவார்கள். போன வருடம் அவர்கள் கூப்பிட்டார்கள் என்று வீட்டைவிட்டுப் போனவனை, மயிலம் ரோட்டோரத்தில் செருப்பில்லாத காலோடு கண்டுபிடித்தாள். விழுப்புரம் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் சத்தம் பெரும்பாலும் அடங்கியது. ஆனாலும் நாளெல்லாம் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். மாத்திரையோடு யோகாவும் செய்யட்டும் என்று அங்கேயே கற்றுக்கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எழுந்தான், குளித்தான், அக்காவுக்கு டீகூடப் போட்டான்.

சித்தப்பா அலெக்ஸ் சும்மா இருப்பாரா? "சர்ச்சுக்குப் போற குடும்பத்துல யோகா என்னாத்துக்கும்மா?" என்று ஆரம்பத்தில் குதித்தவரே அவர்தான். பையன் தேறியதும், "அதான் யோகா பண்ணிக்கினு நல்லாயிட்டியே, இன்னும் மாத்திரை எதுக்குடா?" என்று அவன் காதில் ஓதிவிட்டுப் போனார். சொல்லுகிற வாய்க்கு என்ன, நோகவா போகிறது?

கொல்லையில் மாத்திரைகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்து, அவனை அதட்டிக் கேட்ட பிறகுதான் ரோஜாவுக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் அவனுக்குத் தூக்கம் போயிருந்தது. மூலையைப் பார்த்து முணுமுணுக்கத் தொடங்கியிருந்தான். மறுபடி கிளம்பிப் போய்விட்டால் எந்த ரோட்டில் போய்த் தேடுவாள்? அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

"யோகா கூடவே இருக்கட்டும்மா. ஆனா மாத்திரைக்குப் பதிலா அது ஆகாது" என்றார் டாக்டரம்மா.

பஸ் ஏறுவதற்கு முன் இதைத்தானே சித்தப்பாவிடம் இவள் தொண்டை கிழியக் கத்தினாள். யார் கேட்டார்கள்?

மறுநாள் காலை மாத்திரையை விழுங்கவைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பாயில் உட்கார்ந்துகொண்டு "எண்ணுக்கா" என்கிறான்.

ரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், உனக்கு வாயில்லியா? நானும் மனுசிதான்டா. பேஜாரு பண்ணாத, நீயே எண்ணிக்க."

சவுரி தலையைக் குனிந்துகொண்டான். "நான் எண்ணுனா அவங்களும் கூடவே எண்ணுறாங்கக்கா. தப்புத் தப்பா எண்ணி என்னக் கலைச்சி வுட்டுர்றாங்க. நீ எண்ணுனா, உன் கொரல மட்டும் புடிச்சிக்கினு இருந்துடுவேன்."

இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாவி.

வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"நீங்க போங்கண்ணா, நான் அப்பறமா வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, ரோஜா அவனெதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு" என்றாள், வழக்கத்தைவிடச் சத்தமாக.