பீர் டாக்டரின் விரல்

பாரில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு குடிக்க மாட்டார். ஆனால் பீரைக் குளிரவைப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார், காதைக் கொடுப்பார், "இது ரெடி, அது இன்னும் அரை மணி" என்பார். சொன்னது தப்பியதே இல்லை. வீட்டிலும் அந்த விரல் சும்மா கிடக்காது. தர்பூசணி, கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி எதையும் விடமாட்டார். "என் மண்டை ஒண்ணுதான் பாக்கி, அதையும் தட்டிப் பாத்துடுங்க" என்பாள் மனைவி.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் சோதனை வந்தது. முதலாளி எங்கேயோ போய் மைனஸ் மூன்று டிகிரியில் பீர் குடித்துவிட்டு வந்தார். பல் கூசும் குளிர், ஆனால் ஒரு துளி உறையவில்லையாம். உடனே புதுப் பெட்டி வந்து இறங்கியது. இறங்கிய நாளிலிருந்து டாக்டர் எடுத்த பாட்டிலெல்லாம் ஐஸ் கட்டி.

"இன்னிக்கு ஏழு மணிக்கு என் கூட்டாளிங்க வர்றாங்க. ஒரு பாட்டில் உறைஞ்சிருந்தாலும் நாளைக்கு உன் இடத்துல வேற ஆளு" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஐம்பத்தாறு வயதில் எவன் வேலை கொடுப்பான்? டாக்டர் மத்தியானம் முழுக்கப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் பீர் தெளிவாக நிற்கிறது. திறந்து இரண்டு தட்டு தட்டினால், கண் முன்னாலேயே கழுத்திலிருந்து அடிவரை வெள்ளையாகிறது. சூடான கை பட்டால் உருகத்தானே வேண்டும்? இது உறைகிறதே! தன் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

டம்ளர் கழுவும் அக்கா வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க தொடாததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"தொடாம எப்படிம்மா தெரியும், நல்லா இருக்குன்னு?"

"கண்ணுக்குத் தெரியுதே!"

"கண்ணை நம்பக் கூடாதும்மா. தட்டித்தான் பாக்கணும்." சொல்லிக்கொண்டே இன்னொன்றைத் தட்டினார். அதுவும் வெளுத்தது.

"அதுபாட்டுக்குத் தூங்கிட்டிருக்கு. நீங்க தட்டி எழுப்பி விடுறீங்க, அதான் உறையுது" என்றாள் அக்கா. டாக்டர் தன் விரலையே வெறித்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் சோறு போட்ட விரல்.

ஏழு மணிக்கு அவர் இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். சர்வர் பாட்டில்களைப் பூப்போல எடுத்துப் போனான். டம்ளரில் பீர் தெளிவாக இறங்கியது. கூட்டாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டு மேசையைத் தட்டினார்கள். ஒன்றுகூட உறையவில்லை.

முதலாளி ஓடி வந்து தோளைப் பிடித்தார். "யோவ் டாக்டர், அசத்திட்டய்யா! என்னதான் செஞ்சே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"ஒண்ணும் செய்யலைங்க. தொடாம இருந்தேன், அவ்வளவுதான்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்போ உன்னை எதுக்குய்யா வெச்சிருக்கேன்?"

மத்தியானத்திலிருந்து டாக்டரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.