ஊர் விசாரித்த குற்றம்

லின்ஃபீல்டில் யாழ்ப்பாணத்து நோபேட்டைத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளில் மனநலப் பணியாளர்களுக்கென்று பல்கலைக்கழகம் ஒரு பயிற்சி தொடங்கியபோது, மனநல நேர்ஸாக இருந்த அவரைக் கூப்பிட்டுச் செய்முறைச் சோதனைக்குப் புள்ளி போடச் சொன்னார்கள். அவ்வளவுதான், மனுசனைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிறு பூசைக்குக்கூட டை கட்டிக்கொண்டு வந்தார்.

அவரிடம் போய் மாட்டினாள் நைரி. அந்தப் பயிற்சிக்கு வந்த மாவோரிப் பெண், மங்கரேப் பக்கத்துக்காரி, பிள்ளைகுட்டிக்காரி. பாஸானால் கிளினிக்கில் நிரந்தர வேலை; இல்லையென்றால் பழையபடி விமான நிலையத்தில் கூட்டித் துடைக்க வேண்டும். சோதனையில் நோயாளியாக நடிக்க ஒரு மாவோரிக் கிழவர் வந்திருந்தார். நித்திரை வருகிறதா, குரல் ஏதும் கேட்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டுமாம், நோபேட்டின் சட்டம் அது. அவளோ மாவோரி வழக்கப்படி எந்த மலைப்பக்கம், எந்த ஆறு, தாய் யாருடைய மகள் என்று சாவகாசமாக விசாரித்தாள். கிழவர் நடிப்பை மறந்து, செத்துப்போன தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். நோபேட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்வம்பு அளக்கிறாள், திங்கட்கிழமை பெயில் கொடுக்கப்போகிறேன் என்று வீட்டுக்கு வந்தும் மனைவி டோறினிடம் பொரிந்து தள்ளினார்.

ஞாயிறு மத்தியானம், நித்திரையில்லாமல் தவித்த கெல்வின் என்ற இளைஞனைப் பங்குச் சுவாமியார் அவரிடம் அனுப்பியிருந்தார். நாட்டிலிருந்து புதிதாக வந்தவன். நம்முடைய நிபுணர் கதிரையை இழுத்துப் போட்டார்.

"தம்பி எவ்விடம்?"

"மன்னார்."

"மன்னாரிலை எவ்விடம்? ஆரின்ரை மகன்?"

தகப்பனின் தொழில், அக்கா கலியாணம் கட்டிய இடம் என்று நோண்டிக்கொண்டே போனார். தாயைப் பற்றிக் கேட்டதும் பையன் உடைந்துபோய் அழுதான். அதன் பிறகுதான் நித்திரை கெட்ட கதையே வெளியே வந்தது.

அவன் போனபின் டோறின் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தாள்.

"நித்திரை வருதோ எண்டு நீங்களும் முதல்லை கேக்கேல்லை. அப்ப நீங்களும் பெயில்தானே?"

திங்கட்கிழமை நைரி பாஸ். ஆனால் பிழை தன்னுடையது என்று சொல்ல அந்த டை விடுமா? அவளைக் கூப்பிட்டு, ஏதோ இரக்கப்பட்டுப் போட்டதாகச் சொன்னார், வெட்கம் கெட்ட மனுசன். அவள் நன்றி சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, உங்கள் மலை எது என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது! நோபேட் விழித்தார். ஆறு எது என்று கேட்டாள். அதற்கும் மழைக்கால வெள்ளத்தைத்தான் காட்ட வேண்டும்.

"சரி, உங்கள் அம்மா யாருடைய மகள்?" என்றாள்.

நோபேட் டையைத் தளர்த்தினார். அம்மா என்று தொடங்கி, கெல்வினைப் போலவே கண்ணைத் துடைத்தார். நைரி அவசரப்படாமல் காத்திருந்தாள்.