ஓடையில் கொட்டிய கறுப்புக் கல்

மலையூரான வாழவந்திக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் சாமைக்காடு வைத்திருக்கும் பாவாயிக்குக் காட்டெருமை என்றால் பயமில்லை. கைதட்டி விரட்டிவிடுவாள். பேனாவும் நோட்டும் வைத்திருப்பவர்களைக் கண்டால்தான் ஒளிந்துகொள்வாள். ரேஷன் கடையில் கைநாட்டு வைத்துவிட்டு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் காடு ஒன்றுதான் அவளுக்குச் சோறு.

அவளிடம் போய், பக்கத்துக் காட்டு ஐயாக்கண்ணு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஆபீசருங்க வந்து குரோமைட்டு தேடறாங்களாமா. கறுப்பா, இரும்பாட்டம் கனக்குமாம் அந்தக் கல்லு. கண்டாங்கன்னா காட்டையே குழி பறிச்சுப் போடுவாங்க."

பாவாயிக்கு அந்தக் கல்லை நன்றாகத் தெரியும். ஏர் ஓட்டும்போதெல்லாம் கொழுவில் தட்டுவது அந்தக் கல்தான். வரப்பில் அவள் பொறுக்கிக் குவித்ததில் பாதி அதுதான். அன்றும் மறுநாளும் கூடை கூடையாகச் சுமந்து கீழே ஓடையில் கொட்டினாள். கழுத்து பிடித்துக்கொண்டது. பயம் மட்டும் ஒரு கூடையளவும் குறையவில்லை.

கல் தேடுகிறவர்கள் முதலில் ஓடையில்தான் இறங்குவார்கள் என்று பாவம் அவளுக்கு யார் சொன்னது? மேலே மலையில் இருப்பதை ஓடைதானே கீழே கொண்டுவந்து காட்டும். மூன்றாம் நாள் காலை, பெண் அதிகாரி சசிரேகா அந்தக் கற்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஓடையில உருண்டு வந்திருந்தா மழுங்கியிருக்கும். இது முனை கூர்மையா இருக்கு. பக்கத்துலதான் எங்கயோ இருக்கணும்," என்று உதவியாளர் பாலகுமாரிடம் சொல்லிக்கொண்டே மேலே ஏறினாள். ஏறியவள் நேராகப் பாவாயி முன்னால் வந்து நின்றாள்.

"இது யாரு காடுங்கம்மா?"

பாவாயி பாலகுமார் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். தன் காடு என்றால் குழி பறித்துவிடுவார்களே.

"யாருதும் இல்லீங்க. சும்மா கெடக்குதுங்க."

"சரி பாலகுமார், புறம்போக்குன்னு எழுதிக்குங்க."

அந்த வார்த்தை பாவாயிக்குத் தெரியும். புறம்போக்கு என்று எழுதிவிட்டால் நாளைக்கு யார் வந்து எழுந்திரு என்றாலும் எழுந்திருக்க வேண்டியதுதான். பேனா தாளைத் தொடுவதைப் பார்த்ததும் முந்தைய பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பிடித்துத் தள்ளியது. ஓடிப்போய் நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"எழுதாதீங்க சாமி. இது எங்காடுங்க. எங்கூட்டுக்காரரு பேர்ல பட்டா இருக்குதுங்க. அந்தக் கல்லக் கொட்டுனதும் நாந்தானுங்க."

சசிரேகா கோபிக்கவில்லை. எழுதியதை அடிக்கச் சொன்னாள். பாவாயி பெயரையும் புருஷன் பெயரையும் கேட்டு எழுதச் சொன்னாள். சர்வே நம்பர் கேட்டாள். அதையும் பாவாயி தடுமாறாமல் சொன்னாள்.

"உங்க காடுதாங்கம்மா, பதிஞ்சாச்சு. அந்தக் கல்லெல்லாம் எங்கெங்க கெடந்துச்சுன்னு வந்து காட்டுங்க."

மறுக்க வழியில்லை. பாவாயி முன்னால் நடந்தாள். முளைத்திருந்த சாமையை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து, தன் கையாலேயே ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். அவள் காட்டிய இடத்திலெல்லாம் பாலகுமார் ஒரு சிவப்புக் குச்சியை நட்டுக்கொண்டே வந்தான்.