அஞ்சலை அக்காவும் ‘புடி’ என்ற சொல்லும்

சுங்கை சிப்புட்டில் என் மோட்டார் பஸ்ஸில் ஏறிய தோட்டத்து ஆள் ஒருவர் கற்பூரம், ஊதுபத்தி, ஒரு கோடிச் சேலை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாருக்கு என்று கேட்டேன். “அஞ்சலைக்கு” என்றார். ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே என்னைப்போல் வண்டி ஓட்டுகிறவன் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த என் வண்டியே சாலையை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டது. பயணிகள் எருமைக்கு வழிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அஞ்சலை அக்காவை அறிந்தவர்களே, நீங்கள் இப்போது அவருடைய நல்ல குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். நாயைக்கூட அன்பாகச் சீவிவிட்டவர் என்பீர்கள். சீவியது உண்மை. ஆனால் அன்பு என்று மட்டும் சொல்லி முடித்தால் அக்கா சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்து கேட்பார். அது பழி. ஊரே பார்க்க, ஒரு துளி ரத்தம் சிந்தாமல் வாங்கிய பழி. அதை முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறான் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நான்காம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று வாத்தியாரே சொல்லித்தான் நின்றேன்.

அப்போது நான் எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டினேன். பெரிய கிராணி என்று ஒருவர் இருந்தார். தோட்டக் கணக்கும், ஆட்களை மேய்ப்பதும் அவர் கையில். பெயர் எழுதமாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும். அவரிடம் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம். காட்டுப்புலி ஒன்று அதைப் பார்த்து வழிமாறிப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன். பகலெல்லாம் வெயிலில் சங்கிலி. விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, அதை இழுத்து வருவார். காய்ச்சல் என்று பிந்தி வருகிறவர்களைக் காட்டி “புடி” என்பார். பாயத் தயங்கினால் பிரம்பு நாயின் முதுகில் விழும். அதனால் அது தயங்குவதில்லை.

அப்படி ஒருநாள் காட்டியது அக்காவின் மகள் பவுனை. வயிற்றுப்பிள்ளைக்காரி. நாய் கடிக்கவில்லை. ஓடியவள் கால்வாய்க் கல்லில் விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கிராணியார் சிரித்தார் என்பதும் கூட்டியது இல்லை.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், ஆண்கள் கூடினார்கள். ஆட்டு ஈரலில் விஷம் வைத்து நாயைக் கொல்வது என்று முடிவாயிற்று. ஈரலை யார் வாங்குவது என்ற சண்டை நடந்துகொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தார். “நாயக் கொன்னா அந்த ஆளு இன்னொரு நாயக் கொண்டாருவான். அது வாயா கெட்டது? இவன் வாயில்ல கெட்டது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு நடந்ததை லயமே மன்னிக்கவில்லை. அக்கா கிராணியார் வீட்டுக்கு வாசல் கூட்டும் வேலைக்குப் போனார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவருக்கு இடம் விடவில்லை. பவுனுகூட ஒரு வாரம் பேசவில்லை. நான் வண்டியை நிறுத்தி, உங்களுக்கு வெட்கமில்லையா, அந்த ஆள் வாசலைக் கூட்டுவதா என்று கேட்டுவிட்டேன். விளக்குமாற்றை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: “வாசல மட்டுமா கூட்டப்போறேன், தம்பி? ஆளையே கூட்டித் தள்ளப்போறேன்லா.”

அந்த நாயைப் பற்றிச் சொல்கிறேன். காதுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாக இருந்தது. தன் வாலைத் தானே கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது. யாராவது கையைத் தூக்கினால் போதும், பல் தெரியும், உடம்போ நடுங்கும். கோபம் என்று நாங்கள் நினைத்ததில் பாதிக்குமேல் பயம். அக்கா முதலில் அதன் கிட்டவே போகவில்லை. வாசல் கூட்டி முடித்ததும் சங்கிலி எட்டாத தூரத்தில் உட்கார்ந்து தன் தலையைச் சீவிக்கொள்வார். பல் பாதி உதிர்ந்த மரச்சீப்பு அது. ஈப்போவில் நான் தேடி வாங்கிக் கொடுத்தது. வாங்கும்போது எல்லாப் பல்லும் இருந்தது. நாய் பார்த்துக்கொண்டே இருக்கும். நாள் போகப் போக அவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தார். ஒருநாள் நாயே நகர்ந்தது.

நான் காளைகளைத் தேய்த்தவன். இந்த மலாய் நாட்டில் என்னைப்போல் காளை தேய்த்தவன் இல்லை. ஆகவே யோசனை சொன்னேன்: தலையிலிருந்து ஆரம்பியுங்கள் என்று. அக்கா சிரித்தார். “தலைக்கு மேல கை வந்தா எந்த உசுரும் பதறும். தோளுல ஆரம்பி. கை கீழயே இருக்கணும்.” முடி போகும் பக்கமே இழுப்பார். சிக்கு வந்தால் சீப்பை நிறுத்தி விரலால் பிரிப்பார். நான்கு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்திவிடுவார். நாய் மூக்கால் முட்டினால்தான் மறுபடியும். வேண்டாம் என்று எழுந்து போனால் விட்டுவிடுவார். “கேட்டுக் குடுத்தாத்தான் அதுக்குச் சொகம். நாமளே குடுத்தா அதுவும் கட்டுதான்” என்பார். கூட்டிவைத்த முடியில் உண்ணிகளைப் போட்டு எரிப்பார். சில வாரங்களில் வால் புண் ஆறிவிட்டது. சீப்பு பட்டதும் நாயின் கண் சொருகும், காது தளரும், பெருமூச்சு ஒன்று விட்டுவிட்டு அப்படியே பக்கவாட்டில் சாயும். மல்லாந்து வயிற்றைக் காட்டும். அடி வாங்கிய உயிர் வயிற்றைக் காட்டுவது லேசான காரியமில்லை.

ஒருநாள் அந்தப் பக்கமாக வண்டியை ஓட்டிப் போனபோது காளைகளைச் சட்டென்று இழுத்து நிறுத்தினேன். சீப்பைக் கையில் எடுத்த அக்கா, நாயின் காதருகில் மெல்ல, “புடி” என்றார். டைகர் விறைத்தது. முதுகு முடி எழுந்தது. அக்கா அசையவில்லை. முடி படியும் வரை காத்திருந்தார். பிறகு தோளில் ஓர் இழுப்பு. மறுபடியும், “புடி.” மறுபடியும் ஓர் இழுப்பு. அக்கா, அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதீர்கள் என்று வண்டியிலிருந்தே கெஞ்சினேன். “அந்தச் சொல்லத்தான்லா சீவறேன்” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. அதன் பிறகு திட்டம் முழுவதும் என்னுடையது மாதிரியே எனக்கு ஆகிவிட்டது. காவலும் நான்தான் இருந்தேன்.

கிராணியாருக்கு ஒன்றும் தெரியவில்லை. நாயின் உடம்பு பளபளப்பதைக் கண்டு, எல்லாம் தான் போடும் இறைச்சியின் மகிமை என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். பெருமை பேசுகிற மனிதரை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

இதற்குள் பவுனு மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஒரு காலை வாந்தியெடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள். அன்றைக்கென்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் வந்திருந்தார், பினாங்கிலிருந்து வந்த விருந்தாளித் துரைகளோடு. கிராணியாருக்குத் தன் நாயின் வீரத்தைக் காட்ட அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? பவுனுக்குப் போன தடவை நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஓடாதே, ஓடாதே என்று அக்கா மகளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பவுனு வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் நிச்சயமில்லை என்று அந்த முகம் சொன்னது.

கிராணியார் சங்கிலியை அவிழ்த்தார். “டைகர், புடி.”

நாய் பாய்ந்தது. பவுனு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் காலடிக்கு வந்ததும் டைகர் பெருமூச்சு விட்டது, பக்கவாட்டில் சாய்ந்தது, நான்கு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு மல்லாந்தது. கிராணியார் நம்பாமல் இன்னொரு தடவை கத்தினார். நாய் முதுகை மண்ணில் தேய்த்து இன்னும் நன்றாக வயிற்றைக் காட்டியது. அவர் கத்தக் கத்த அது நெளிந்தது. வரிசையில் யாரோ கனைத்தார்கள். பிறகு தோட்டமே சிரித்தது. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்ததைப் பார்த்தேன். துரை கொச்சைத் தமிழில் நாய்க்கு என்ன வந்தது என்று கேட்டார். அக்கா வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்து, மிகப் பணிவாகச் சொன்னார்:

“கிராணி ஐயா புடி புடின்னாரு. அதுக்குப் புடிச்சிருக்குதுங்க, தொரை.”

துரைக்கு அதன் அர்த்தத்தை எடுத்துச் சொன்னது நான். விருந்தாளிகள் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். பினாங்கு வரை அந்தச் சிரிப்பு போயிருக்கும்.

அதற்குப் பிறகு கிராணியார் லயத்துப் பக்கம் வந்தால் பிள்ளைகள் “புடி” என்று கூவிவிட்டு மண்ணில் மல்லாந்து காலைத் தூக்கும். எந்தப் பிள்ளையை அடிப்பார்? அடுத்த சம்பளப் பட்டுவாடாவுக்கு முன்பே பாரிட் புந்தார் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். உதவாத நாய் என்று டைகரை விட்டுவிட்டுப் போனார். அது தானாக நடந்து வந்து அக்காவின் வாசலில் படுத்தது, கடைசி வரை அங்கேயே இருந்தது. பவுனுக்குப் பெண் பிறந்தது. கிராணியாருக்கு முன்பே ‘சீப்புக் கிராணி’ என்ற பேர் பாரிட் புந்தாருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எப்படிப் போயிற்று என்று யாரும் விசாரிக்க வேண்டாம். பஸ் எதற்கு இருக்கிறது?

போதும், அவரை விட்டுவிடுவோமே என்று நானே ஒரு தடவை அக்காவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு நரைத்துவிட்டது. டைகரும் போய்ச் சேர்ந்துவிட்டது. “நாய மன்னிச்சிட்டேன், அது கேட்டுச்சு. அந்த ஆளு இன்னும் கேக்கலியே” என்றார்.

அக்காவின் காரியம் முடிந்த அன்று பவுனு அந்தச் சீப்பை என் கையில் கொடுத்தாள். மிச்சமிருந்த பற்களுக்கிடையில் பழுப்பு முடி ஒன்று இன்னும் சிக்கியிருக்கிறது, எடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் தைப்பிங்கில் நல்ல மழை. குடையில்லாமல் ஒரு கிழவர் என் பஸ்ஸில் ஏறி, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அவரேதான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அஞ்சலை அக்கா செத்துப்போனார் என்று சொன்னேன். யார் அது என்று கேட்டார். சீப்பை எடுத்து, கண்ணாடியைப் பார்த்து என் தலையை மெதுவாகச் சீவினேன். கண்ணாடியில் அவர் முகம் மாறியது. முன்னால் வளைவு வந்தது. வளைவில் பயணிகளைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது வண்டி ஓட்டுகிறவன் கடமை.

“கிராணியாரே, புடி” என்றேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தார். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை ஒரு சீப்பும் ஒரு சொல்லும். இரண்டும் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன.