கண்டக்டரை விட்டுவிட்டுக் கிளம்பிய பஸ்

வடலூருக்கு ஜோதி தரிசனத்துக்குப் போகிற வழியில், நானும் என் வீட்டுக்காரியும் நெய்வேலி டவுன்ஷிப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறோம். எதிரே ஒரு புது பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைக்கிறார்கள்.

"என்னம்மா விசேஷம்?" என்று பக்கத்தில் நிற்கும் பெண்ணைக் கேட்கிறேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவளாம்.

"ஷிப்ட் முடிஞ்சா ஊருக்கு பஸ் இல்லாம நடந்துகினு இருந்தோங்க. ஜெயிச்சா மொத வேலையே பஸ்ஸுதான்னாரு எம்.எல்.ஏ. அண்ணன். வுட்டுட்டாரு பாருங்க! முன்ன அவரே கண்டக்டரா இருந்தவருதாங்க."

அவள் ஓடிப்போய் முதல் ஆளாக ஜன்னலோரம் உட்காருகிறாள். எம்.எல்.ஏ. கொடியை அசைத்துவிட்டு, பழைய ஞாபகத்தில் பின்படியில் தொற்றிக்கொண்டு, வாயில் விரல் வைத்து விசில் அடிக்கிறார். "போலாம் ரைட்!" பஸ் கிளம்பியே விடுகிறது.

"அண்ணே, கண்டக்டரு கீழயே நிக்கிறாரு!" என்று அவள் கத்துகிறாள்.

கழுத்தில் மாலையோடு கண்டக்டர் பின்னாலேயே ஓடுகிறார். கூட்டமே சிரிக்கிறது. பஸ்ஸை நிறுத்தி, அவரைக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டு, "பழக்கம் வுடலப்பா" என்கிறார் எம்.எல்.ஏ.

அந்தப் பழக்கம் இவரை விடவே வேண்டாம் சாமி என்று, வடலூர் இருக்கும் திசையைப் பார்த்து அங்கேயே கும்பிடுகிறேன்.